கறுப்பு ஆட்டைப் பாஸ்டலில் தீட்டினால் ரோமம் சேறாகிவிடுகிறது

லயத்துவாசி (சுங்கை சிப்புட்):
வணக்கம். எங்கள் தோட்டத்து லயத்தில் கடைசி வீட்டார் வளர்க்கும் கறுப்பு வெள்ளாட்டை மென்பாஸ்டல் வண்ணக்கட்டியால் தீட்ட இரண்டு மாதமாக முயல்கிறேன். கறுப்பை நிரப்பி, விரலால் தேய்த்துச் சமன்செய்து, அதன்மேல் சாம்பல் நிறத்தில் ரோமக் கோடுகளை இழுக்கிறேன். இரண்டாவது பூச்சுவரை பிடிக்கிறது. மூன்றாவதில் கட்டி வழுக்கி, ஆடு மழையில் நனைந்த கரிமூட்டையாகிவிடுகிறது. கட்டி மலிவானது என்பதாலா? தாள், புத்தகக் கடையில் வாங்கிய சாதாரண வரைதாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பழியைக் கட்டியின்மேல் போடாதீர்கள், ஐயா, தாளைப் பாருங்கள். மென்பாஸ்டல் என்பது நிறமித்தூளை மிகக் குறைந்த பிசினால் கட்டியாக்கியது என்பதால், தாளின் சொரசொரப்பில் தூள் சிக்கி நிற்பதுதான் அதற்குள்ள பிடிமானம். வழவழப்பான தாளில் அந்தக் குழிகள் இரண்டு பூச்சிலேயே நிரம்பிவிடும். மிச்சத்தை உங்கள் விரல் அடைத்துவிடுகிறது. உப்புத்தாள் போன்ற பாஸ்டல் தாள் இன்னும் பல பூச்சுகளைத் தாங்கும்.

இருக்கும் படத்தை வீசிவிட வேண்டாம். உலர்ந்த, விறைப்பான தூரிகையால் சேறான இடத்தைத் தட்டித் தூளை உதிர்த்தால் தாள் ஓரளவு மறுபடி பிடிக்கும். உதிர்ந்த தூளை வாயால் ஊதாதீர்கள். அது மூச்சில்தான் போய்ச் சேரும். பிரெஞ்சு ஓவியர் டெகா (1834–1917) பூச்சுகளுக்கு இடையே, தூளைத் தாளில் நிலைப்படுத்தும் திரவத்தைத் தெளித்து மேலே மேலே தீட்டியவர். ஆனால் அது நிறங்களைச் சற்று மங்கவைக்கும் என்பதால், கடைசிப் பூச்சின்மேல் நான் தெளிப்பதில்லை.

ஆட்டுக்காரி:
ஆசிரியர் கூறியது சரி. எனினும் எவ்வளவு நல்ல தாளானாலும், கறுப்புக் கட்டியில் தொடங்கிய ஆடு கரியாகத்தான் முடியும். பதினொரு மணி வெயிலில் அதன் அருகே உட்கார்ந்து பாருங்கள்: முதுகு ரோமத்தில் வானத்தின் நீலம் படிந்திருக்கும், அடிவயிற்றில் செம்மண் தரையின் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறியிருக்கும். ஆகவே அடர்நீலத்தையும் அடர்பழுப்பையும் முதலில் இட்டு, முழுக் கறுப்பைக் காதின் உட்குழிக்கும் தொடை இடுக்குக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிர்ந்த கோடுகள் கடைசியில், ரோமம் படியும் திசையில் வர வேண்டும்.

கண்ணை நான் முதலிலேயே முடித்துவிடுவேன். ஆட்டின் கண்மணி வட்டமன்று, தேன்நிறத்தின் நடுவே கிடையாகக் கிடக்கும் கீற்று. ஆடு குனிந்து மேயும்போதுகூட விழி சுழன்று அந்தக் கீற்றைத் தரைக்கு ஏறக்குறைய இணையாகவே வைத்திருக்கும். தலையோடு சேர்த்துக் கீற்றையும் சாய்த்துவிட்டு, முகம் ஏன் ஆடாக வரவில்லை என்று நானே பலநாள் குழம்பியிருக்கிறேன்.

லயத்துவாசி:
பழைய பல் தூரிகையால் தட்டிப் பார்த்தேன். கழுத்துப் பகுதியில் நீலம் ஏறிவிட்டது, அக்கா. இன்னொன்று: சென்ற ஆண்டு சட்டமிட்ட பசுவின் படத்தில் வெண்புள்ளிகள் தோன்றியுள்ளன. நிறம் உதிர்கிறதா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பூஞ்சணமாக இருக்கலாம், நம் ஊர் ஈரக்காற்றில் அது வழக்கம். கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரம் அங்கே தங்கும். இடையில் தடித்த அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடுங்கள். மழைச்சாரல் அடிக்கும் சுவரிலிருந்து படத்தை இன்றே இறக்கிவிடுங்கள்.