மாணவர் ‘பங்கேற்பாளர்’ அல்லர்: ‘உடனாய்வாளர்’ என்ற சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

உயர்கல்வியில் எவரும் விடுபடாதிருக்கும் வழிகளை ஆராயும்போது, மாணவர்களைத் தகவல் தருபவர்களாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், வினாவை வகுப்பது முதல் அறிக்கை எழுதுவது வரை ஆசிரியர்களுக்குச் சமமாக அமர்த்தும் முறையில், அம்மாணவர்களை எப்படி அழைக்கலாம் என்று ஐயா சென்ற மடலில் கேட்டிருந்தார்கள். அதற்கு முன்மொழியப்பட்ட ‘மாணவப் பங்கேற்பாளர்’ என்னும் சொல் எனக்கு உடன்பாடில்லை. ஒப்புதல் படிவங்களில் அது ஏற்கெனவே, நம் வினாக்களுக்கு விடையளித்துவிட்டுப் போகிறவரைக் குறித்து நிலைத்துவிட்டது.

சேலத்தில் நாங்கள் நடத்திவரும் சிறு ஆய்வில் இந்த வேறுபாட்டைக் கண்கூடாகப் பார்க்கிறோம். ‘வளாகத்தில் சாய்தளம் உள்ளதா?’ என்றிருந்த வினாவைப் படித்த, சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருவர், சாய்தளம் இருக்கிறது, ஆனால் அதன் அடியிலேயே இருசக்கர வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள் என்று சொல்லி, ‘யார் துணையும் இன்றி ஏற முடிகிறதா?’ என மாற்றி எழுதினார். ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து வரும் பழங்குடி மாணவர், ‘வகுப்புக்குத் தாமதமாக வருவது ஏன்?’ என்பதை அடித்துவிட்டு, ‘உங்கள் ஊரிலிருந்து முதல் பேருந்து எத்தனை மணிக்கு?’ என்று சேர்த்தார். வினாவையே திருத்துகிறவரை, விடையளிப்பவரின் பெயரால் அழைப்பது முறையாகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. இடம் பெற்றவர்களுக்கு அங்கே என்ன நேர்கிறது என்பதை முதலில் அறிபவர்கள் அவர்களே.

அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் குடிமக்கள் பங்கேற்பைக் கீழிருந்து மேலாக 8 படிகளாகப் பிரித்தபோது, கருத்துக் கேட்பதை 4ஆம் படியிலும், அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வதை 6ஆம் படியிலும் வைத்தார். நமக்கு வேண்டியது 6ஆம் படிக்குரிய சொல். ‘பங்காளி’ என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே குலத்து உறவினர். சொத்துப் பிரிவினையும் கூடவே நினைவுக்கு வரும். ‘கூட்டாளி’ வணிகத்துக்கு உரியதாகிவிட்டது. ‘இணை ஆய்வாளர்’ பொருத்தமாகத் தோன்றினும், இணைப் பேராசிரியர், இணை இயக்குநர் என்று பழகிய காதுக்கு அது ஒரு படி தாழ்ந்த பதவியாகவே ஒலிக்கும். ஆகவே ‘உடனாய்வாளர்’ என்பதை முன்வைக்கிறேன். உடன்பிறந்தார், உடன்பயில்வோர் ஆகியவற்றிலுள்ள ‘உடன்’ பதவி வரிசை எதையும் சுட்டுவதில்லை. இராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1916இல், அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அந்த ஊரிலிருந்து எழுதுவதால் இச்சொல் செம்மையாக அமைய வேண்டும் என்ற அக்கறை எனக்குக் கூடுதலாகவே உண்டு.

மறுமொழி:

அம்மா அவர்களுக்கு வணக்கம். ‘உடனாய்வாளர்’ என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் ‘உடனாய்வு’ என்று சுருக்கினால் உடனடியாகச் செய்யும் ஆய்வு என்று பொருள்கொள்ள இடமுண்டு. முறையைக் குறிக்க ‘உடனாய்வாளர் முறை’ என்றே எழுதுவோம். கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் மாணவரின் பெயரும், களப்பணிக்கு மதிப்பூதியமும் தராத ஆய்வுகள் இச்சொல்லை எடுத்து அணிந்துகொள்ளக் கூடாது என்பதால், வரையறையையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். என் வரைவு இது: ‘உடனாய்வாளர் – வினா வகுத்தல், தரவு திரட்டல், அறிக்கை எழுதுதல் ஆகிய மூன்றிலும் முடிவெடுக்கும் உரிமையும், அதற்குரிய பெயரும் ஊதியமும் பெறும் மாணவர்.’ திருத்தங்கள் இருப்பின் தெரிவியுங்கள்.