கல்லூரிக்குள் கலைக்கூடம்: ஊர்க்காரர்கள் உள்ளே வருவார்களா?

நாகமலை ஆசிரியை (கேள்வி)

மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். நூலகம் புதிய கட்டடத்துக்குப் போய்விட்டதால் ஒரு நீண்ட கூடம் காலியாகக் கிடக்கிறது. அதில் கலை அருங்காட்சியகம் தொடங்க முதல்வர் சம்மதித்துவிட்டார். துறைக்குள்தான் தயக்கம். தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகம், அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகம், ஆயிரங்கால் மண்டபத்தில் ஒன்று, 2023 முதல் கீழடியிலும் ஒன்று. இதற்கு மேல் உங்கள் கூடத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

எங்கள் வாசலில் பூக்கட்டும் அம்மாள் கூச்சமில்லாமல் உள்ளே வந்து பார்க்கிற இடமாக அது அமைய வேண்டும் என்பது என் ஆசை. பல்கலைக்கழக அருங்காட்சியகங்கள் எப்படி வளர்ந்தன, ஊரோடு எப்படி ஒட்டின என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதை முதலில் சேர்ப்பது?

காசியில் படித்தவன்

அம்மா, பூக்கட்டும் அம்மாளிடமிருந்தே தொடங்கியிருக்கிறீர்கள், அதுவே சரியான தொடக்கம். ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683இல் திறக்கப்பட்டது. எலியாஸ் ஆஷ்மோல் என்பவர் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த சேகரிப்பு அது. கட்டணம் செலுத்திய எவரும் உள்ளே போகலாம். 1710இல் அங்கே போன ஜெர்மன் பயணி ஒருவர், சந்தை நாளில் நாட்டுப்புற மக்கள் நிறைந்திருந்ததையும் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்ததையும் எரிச்சலோடு எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

நான் அதிகம் அறிந்தது காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பாரத கலா பவன். ராய் கிருஷ்ணதாஸ் அதை 1920இல் நகருக்குள் தொடங்கினார்; தாகூர் தலைவராக இருந்தார். இடம் மாறி மாறி, 1950இல்தான் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சிற்றோவியங்களுக்குப் பேர்போன இடம். ஆனால் என் மனத்தில் நிற்பது துணிகள். நெசவாளர் ஒருவர் பழைய ஜரிகைத் துணியின் முன் நின்று, இந்தக் கரை எப்படி விழுந்தது என்று தன் மகனுக்கு விரலால் காற்றில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மாணவர்கள் அவரிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்கள். உங்கள் துறையினர் பட்டியலிட்ட இடங்களோடு நீங்கள் போட்டி போட வேண்டியதில்லை. கற்பவரும் செய்பவரும் ஒரே பொருளின் முன் நிற்க ஒரு கூடம் கொடுங்கள், போதும்.

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். 1937இல் தொடங்கியது. வங்காளக் கிராமங்களிலிருந்து காந்தா தையல், சுருளில் வரையும் பட ஓவியம், சுடுமண் உருவம் என்று சேர்த்தார்கள். 1950களில் சந்திரகேதுகரில் அகழாய்வே நடத்தினார்கள்.

எதை முதலில் என்று கேட்டால், முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் மதுரைத் துணியான சுங்குடி. சௌராஷ்டிரப் பெண்கள் முடிச்சுப் போட்ட நிலையிலேயே, சாயத்தில் முக்காத துணி ஒன்று கட்டாயம் வேண்டும். அடுத்து விளாச்சேரி மண் பொம்மைகள். பிறகு அழகர்கோயில் வசந்த மண்டபத்தின் இராமாயண ஓவியங்களை மாணவர்கள் பார்த்து வரைந்த கோட்டோவியப் பிரதிகள். பழைய சிலையை யாராவது கொண்டுவந்தால் ஆசைப்படாதீர்கள். நூறாண்டு கடந்த சிலைக்கும் ஓவியத்துக்கும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. பதிவுச் சான்று இல்லாததைத் தொடவே வேண்டாம்.

ஆவணக் காப்பாளர், திண்டுக்கல்

சுங்குடியை மடித்து வைக்காதீர்கள், மடிப்பில்தான் இழை விடும். உருளையில் சுற்றுங்கள். துணிமேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது, சன்னல்களுக்குத் திரை வேண்டும். பொருள் உள்ளே வந்த அன்றே பதிவேட்டில் எண், கொடுத்தவர், செய்த ஊர் மூன்றும் ஏற வேண்டும். அன்பளிப்புக்குக் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள்.

விளாச்சேரி பெண்

டீச்சர், எங்கள் வீட்டில் பொம்மைதான் தொழில். பொம்மையை எடுத்துக்கொள்வதோடு அச்சையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா செய்த அச்சுகள் மூலை உடைந்து பரணில் கிடக்கின்றன. இடம் போதாமல் பலர் வெளியே கொட்டிவிட்டார்கள். ஒரு அச்சு போனால் அந்த முகமே போய்விடும்.

இன்னொன்று: செய்தவர் பெயரை எழுதுங்கள். கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் விளாச்சேரி என்று ஊரைப் போடுகிறார்கள், ஆளைப் போடுவதில்லை. என் அம்மா நாற்பது வருடமாகப் பொம்மைகளுக்குக் கண் வரைந்து திறக்கிறார். அவர் திறந்த கண்ணை எங்கு பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

அம்மா கல்லூரி வாசலில் நுழைய மாட்டார். காவலாளி என்ன வேலையாக வந்தாய் என்று கேட்டால் அப்படியே திரும்பிவிடுவார். அதற்கு ஏதாவது செய்யுங்கள்.

நாகமலை ஆசிரியை

நீங்கள் மூவரும் சொன்னதை அச்செடுத்துத் துறைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன். கூடத்துக்குச் சாலைப் பக்கமாக ஒரு கதவு இருக்கிறது, எப்போதும் பூட்டியே கிடக்கும். சனி, ஞாயிறுகளில் அந்தக் கதவைத் திறந்துவைக்க அனுமதி கேட்கப்போகிறேன். அந்த வழியில் யாரும் பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டியதில்லை. முதல் அலமாரி அச்சுகளுக்குத்தான், செய்தவர் பெயரோடு. மாணவிகளை எப்போது உங்கள் வீட்டுக்கு அழைத்து வரலாம்?

விளாச்சேரி பெண்

நவராத்திரி முடியட்டும் டீச்சர், அதுவரை யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. கார்த்திகை பிறந்தால் கிறிஸ்துமஸ் குடில் வேலை வந்துவிடும். ஐப்பசி மழையில் வாருங்கள். மண் காயாது, அம்மா சும்மா இருப்பார், கேட்டதெல்லாம் சொல்வார்.