வடவமும் வதுவான் பொடியும் ஒன்றாம்! இதை யார் சொன்னது?

முத்தியால்பேட்டை அக்கா (பாரிஸ் புறநகர்):
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "வெளிநாட்டில் விருந்தாளி வரும் நாளில் வடவம் தாளித்து வீட்டை நாறடிக்காதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் வதுவான் பொடி டப்பாவில் கிடைக்கிறது. அதுவும் நம் வடவம்தான்" என்று பாடம் எடுத்திருக்கிறார். எழுதியவர் கடலூர்க்காரர். வெளியூர்க்காரர் எழுதியிருந்தால் விட்டிருப்பேன்.

வதுவான் என்ற பெயர் நம் வடவத்திலிருந்து போனதுதான். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். அது அவர்கள் இஷ்டம். ஆனால் அந்த டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். வெங்காயம், பூண்டு, வெந்தயம், கடுகு, சீரகம், மஞ்சள் இருக்கும். விளக்கெண்ணெய் இருக்காது. விளக்கெண்ணெய் தொடாதது வடவம் ஆகாது.

எங்கள் வீட்டில் சித்திரை வெயிலில்தான் போடுவோம். சின்ன வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடித்து, உளுந்தும் மற்ற சாமானும் கலந்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் காயவைப்போம். சாயங்காலம் உள்ளே எடுத்துவந்து, உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவி எலுமிச்சை அளவுக்கு உருட்டி வைப்பார் அம்மா. மறுநாள் உதிர்த்துக் காயவைத்து மறுபடி உருட்டுவார். பத்து நாள் இதே வேலை. அந்த எண்ணெயால்தான் உருண்டை வருஷம் முழுக்கப் பூச்சி பிடிக்காமல் இருக்கும்.

துறைமுகத்தான் (ஷ்டுட்கார்ட்):
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், பயமில்லை.

அக்கா, விளக்கெண்ணெய் கெடாமல் இருக்கப் போடுவது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். டப்பாதான் காற்றுப் புகாமல் மூடியிருக்கிறதே, அதற்கு எதற்கு எண்ணெய்? எங்கள் ஊரில் விளக்கெண்ணெயைப் பேதிக்குக் கொடுப்பார்கள். நீங்கள் விருந்துக்குக் கொடுக்கிறீர்கள். நல்ல உபசரிப்பு!

ஜெர்மனியில் ஏழு மணி என்றால் ஏழுக்கு மணி அடிப்பார்கள். கோட்டைக் கழற்றும்போதே வீடு முழுக்கத் தாளிப்புப் புகை என்றால், குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்கவும் முடியாது. வந்தவர்களின் சௌகரியம்தானே விருந்து?

பெரிய மார்க்கெட் வாசி (புதுச்சேரி):
சண்டைக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். வடவம் என்று எதைச் சொல்கிறீர்கள்? தாளிப்பு வடகமா, பொரித்துத் தொட்டுக்கொள்ளும் வடகமா? முதலில் அதை முடிவு செய்தால் பேச வசதியாக இருக்கும்.

முத்தியால்பேட்டை அக்கா:
தம்பி துறைமுகம், விளக்கெண்ணெய் தடவுவது உருண்டை கெடாமல் இருக்க மட்டும் இல்லை. சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் ஒரு உருண்டையைப் பிட்டுப் போட்டால் முதலில் நுரைக்கும், அப்புறம் கடுகு வெடிக்கும், அதற்கப்புறம்தான் வெங்காயம் சிவந்து மணம் மேலே வரும். உங்கள் பொடியைக் காய்ந்த எண்ணெயில் போட்டால் கண் சிமிட்டுவதற்குள் கருகிவிடும். நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் இங்கே வந்த முதல் இரண்டு வருஷம் உங்களைப் போலத்தான் இருந்தேன். வீட்டுக்காரரின் அலுவலகத்து ஆட்கள் வந்தால் சாம்பார்கூட வைக்க மாட்டேன். அடுப்பில் கோழியைச் சுட்டு, உருளைக்கிழங்கை அவித்து, கதவிடுக்கில் துணி அடைத்து, மெழுகுவத்தி ஏற்றி வைப்பேன். அவர்கள் சாப்பிட்டுப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் நின்றபடியே பழைய குழம்பை ஊற்றிச் சாப்பிடுவோம். என் வீட்டிலேயே நான் ஒளிந்து சாப்பிட்டேன். அது இன்னும் மறக்கவில்லை.

ஒரு நாள் போதும் என்று வஞ்சிரம் வாங்கி வந்து வடவம் தாளித்தேன். 2015 மார்ச்சிலிருந்து பிரான்சில் எல்லா வீட்டிலும் புகை எச்சரிப்புக் கருவி கட்டாயம். அது அலறியது. இவர் நாற்காலி மேல் ஏறி அட்டையால் விசிறிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. வந்த அம்மாள் பூங்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரே அடுப்பு முன்னால் வந்து நின்று, "இது என்ன வாசனை?" என்று கேட்டார். உருண்டையைக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை முகர்ந்தார். இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் குழம்புதான் கேட்பார்.

துறைமுகத்தான்:
ஒரு அம்மாளுக்குப் பிடித்தது என்று ஊருக்கே சட்டம் போடாதீர்கள். கடுகும் மீனும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் இருக்கின்றன. கேட்டுவிட்டுச் சமைத்தீர்களா? டப்பாவில் எல்லாம் அச்சடித்திருக்கும். உங்கள் உருண்டையில் என்ன அச்சடித்திருக்கிறது?

முத்தியால்பேட்டை அக்கா:
அழைக்கும்போதே கேட்டுவிடுவேன். பன்றி, மாடு, மீன், மது எல்லாம் கேட்பேன். கேட்காமல் இலை போடுகிற வீடு இல்லை இது. உங்கள் பொடியிலும் கடுகுதான் இருக்கிறது, அதை மறந்துவிட்டீர்கள். விளக்கெண்ணெய்க் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் மருமகள் (கடலூர்):
எங்கள் வீட்டில் கடையில்தான் வாங்குகிறோம். அதில் விளக்கெண்ணெய் இருக்கிறதா என்று நான் பார்த்ததே இல்லை. குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பாரிசில் லா சப்பேல் பக்கம் தமிழ்க் கடைகள் இருக்கின்றனவே, அங்கே வாங்கலாமே?

முத்தியால்பேட்டை அக்கா:
அவை பெரும்பாலும் ஈழத்தமிழர் கடைகள். வடகம் என்று கேட்டால் வேப்பம்பூ வடகத்தை எடுத்துக் கொடுப்பார்கள். அது நல்ல பண்டம், பொரித்துச் சாப்பிடலாம். ஆனால் தாளிப்பதற்கு இல்லை. நான் ஊரிலிருந்துதான் கொண்டுவருகிறேன்.

துறைமுகத்தான்:
பெட்டியில் கொண்டுவருகிறாராம்! அப்படியே கறிவேப்பிலையும் கொண்டுவருகிறீர்களா? 2019 டிசம்பர் 14 முதல் தாவரச் சான்றிதழ் இல்லாமல் பச்சைக் கீரை, காய், பழம் எதையும் ஒன்றியத்துக்குள் எடுத்து வர முடியாது. அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, துரியன் ஐந்துக்குத்தான் விலக்கு. சட்டம் தெரிந்து பேசுங்கள்.

முத்தியால்பேட்டை அக்கா:
நான் கறிவேப்பிலையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினேனா? இங்கே தொட்டியில் வளர்க்கிறேன், குளிர் வந்தால் வீட்டுக்குள் எடுத்து வைக்கிறேன். பேச்சை மாற்றாதீர்கள். உங்கள் ஊர்க் கருவாடு கொண்டுவரலாம், குடல் எடுத்த மீன் 20 கிலோ வரை விடுவார்கள். அதையாவது கொண்டுபோய் வையுங்கள், துறைமுகம் என்று பெயர் வைத்துக்கொண்டு டப்பா விற்காமல்.

துறைமுகத்தான்:
பெயரைத் தொட்டுவிட்டீர்கள், சரி. பாண்டிக்காரர்களுக்குப் பிரெஞ்சுக்காரன் வந்துதான் சோறு போட்டான் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. உங்கள் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே எத்தனை முறை வந்தும், கடலூரில் ஆங்கிலேயர் வைத்திருந்த எங்கள் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடிக்க முடிந்ததா?

பெரிய மார்க்கெட் வாசி:
1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தே போட்டார். அதைச் சொல்ல மாட்டீர்களா?

துறைமுகத்தான்:
1761இல் ஆங்கிலேயர் கையில் பாண்டி என்ன ஆனது என்றும் சொல்லுங்கள். மதிலைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

சொல்தா பேரன் (புதுச்சேரி):
பிரெஞ்சுக்காரன் சோறு போட்டான் என்று எழுதியவருக்கு: என் தாத்தா அவர்கள் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, ரத்தம் சிந்தி ஓய்வூதியம் வாங்கியவர். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம் எங்களுடையது. எவனும் எங்களுக்கு இனாமாகப் போடவில்லை. மன்னிப்புக் கேளுங்கள்.

மஞ்சக்குப்பம் மருமகள்:
குழம்பில் ஆரம்பித்துக் கோட்டைக்குப் போய்விட்டீர்களே!

முத்தியால்பேட்டை அக்கா:
நான் போகவில்லை. இன்னும் அடுப்படியில்தான் நிற்கிறேன். தம்பி, பொடி போட்டுச் சமைப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. அவசரத்துக்கு நானும் பொடி போடுகிறேன். அதை நம் வடவம் என்று வருகிறவர்களிடம் சொல்லாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். உங்கள் மேசையில் சாப்பிட்டுவிட்டுப் போகும் ஜெர்மன்காரர் இதுதான் கடலூர்ச் சுவை என்று நினைத்துக்கொண்டு போவார். உங்கள் அம்மா இடித்த கைக்கு அது நியாயமா?

துறைமுகத்தான்:
அம்மாவை இழுக்காதீர்கள். எங்கள் அம்மா நல்லெண்ணெய் தடவித்தான் உருட்டுவார். விளக்கெண்ணெய் எங்கள் வீட்டில் கிடையாது. அப்படியென்றால் எங்கள் அம்மா போட்டதும் வடவம் இல்லையா?

முத்தியால்பேட்டை அக்கா:
நல்லெண்ணெயில் உருட்டினால் ஆறு மாதத்தில் சிக்கு வாடை வரும்.

துறைமுகத்தான்:
வந்ததே இல்லை.

முத்தியால்பேட்டை அக்கா:
வரும். ஐப்பசியில் எடுத்து முகர்ந்து பாருங்கள்.

பெரிய மார்க்கெட் வாசி:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

துறைமுகத்தான்:
சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஆறு பேர் வருகிறார்கள். வதுவான்தான் போடப்போகிறேன். படம் போடுகிறேன், பாருங்கள்.

முத்தியால்பேட்டை அக்கா:
படத்தில் மணம் வருமா? முகவரியைத் தனியாக அனுப்புங்கள். நாலு உருண்டை அனுப்புகிறேன், விளக்கெண்ணெய் தடவியது.