ஒரு வாரத்துல 31 ‘சாரி’

பல்லடத்துக்காரி:
திருப்பூர்ல ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேனுங்க, பையர்கிட்ட (துணி வாங்கறவங்ககிட்ட) பேசி ஆர்டரை முடிச்சுக் குடுக்கற வேலை. ஜெர்மனி பையர் லேப் டிப்பை, அதாவது சாயம் போட்ட மாதிரித் துணித் துண்டைப் பார்த்து கலருக்கு ஓகே சொல்லோணும். பத்து நாளா பதிலே இல்ல, துணி டையிங்குக்குப் போகாம கிடக்குது. நான் எழுதின மெயில்: “தொந்தரவுக்கு மன்னிக்கவும், மறுபடி கேக்கறதுக்கு சாரி.” கடைசில தூத்துக்குடில கப்பலைத் தவற விட்டு, சரக்கு விமானத்துல போச்சு. செலவு யாரோடதுன்னு பேச்சு வந்தப்ப பையர் பக்கம் அந்த மெயிலைத்தான் எடுத்துக் காட்டினாங்க. நாந்தான் மன்னிப்புக் கேட்டிருக்கேனாம்! முதலாளி தேதி வாரியா மெயிலை அடுக்கி ஒரு வழியா சமாளிச்சார்.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து எண்ணினேன். அந்த ஒரு வாரத்துல 31 சாரி. நிஜமா என் தப்பு ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணுக்கு நான் சாரியே கேக்கலைங்க. அளவு சார்ட்டை மாத்திக் குடுத்தது நானு, ஏச்சு வாங்கினது கட்டிங் மாஸ்டர்.

கோபி வாத்தியார்:
எங்க அம்மாயி பஸ்ல “ஏனுங், சித்த அக்கட்டால நகருங்”னு கேக்கும். அந்த ‘ங்’ல மரியாதை இருக்குது, பயம் இல்ல. அதுக்கு மேல எதுக்குங்க சாரி?

காங்கேயம் மருமகள்:
வாத்தியாரே, அந்த ‘ங்’ போட்டுத்தான் நானும் ஒறம்பரை (வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க) முன்னால “காப்பி லேட்டாயிருச்சுங், மன்னிச்சுக்குங்”னு நின்னேன். பால்காரர் வராததுக்கு நான் என்ன பண்ணட்டும்? போன வாரம் எம் பொண்ணு மளிகைக் கடைல “சாரி அங்கிள், மீதி சில்லறை”ங்கறா. அவ காசைக் கேக்கறதுக்கு அவளே சாரி! எனக்கு சுருக்குன்னுச்சு.

பீளமேடு மாணவி:
2010-ல கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல ஷூமன், ராஸ்னு ரெண்டு பேர் இதை ஆராய்ச்சி பண்ணினாங்க. கலந்துக்கிட்டவங்க தினமும் டைரி எழுதினாங்க. பெண்கள்தான் அதிகமா மன்னிப்புக் கேட்டிருந்தாங்க. ஆனா ‘இது தப்பு’ன்னு அவங்கவங்க நெனைச்சதுல எத்தனைக்குக் கேட்டாங்கன்னு பார்த்தா ஆண், பெண் வித்தியாசம் இல்ல. ஆண்களுக்கு பல விஷயம் தப்பாவே தெரியறதில்லையாம். எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குப் படிச்சுக் காட்டினேன், யாரும் சிரிக்கல.

பல்லடத்துக்காரி:
இப்ப மெயில்ல தேதி மட்டும் எழுதறேன்: “வியாழனுக்குள்ள ஓகே வந்தாத்தான் டையிங்குக்கு அனுப்ப முடியும்.” அனுப்பற பட்டனை அமுத்தறப்ப இன்னும் கை நடுங்குது. நேத்து பையர் பதில் வந்துச்சு, ‘அப்ரூவ்டு’னு ஒரே வார்த்தை.

மாஸ்டர்கிட்டயும் போனேனுங்க. சொல்லி முடிக்கறதுக்குள்ள தொண்டை அடைச்சிருச்சு. அவரு துணில இருந்து கண்ணெடுக்காம, “செரி, புது சார்ட்டைக் கொண்டாங் அம்மணி”ன்னாரு.