முதல் டூயல் ஸ்போர்ட் பைக்: சீட் உயரத்தைப் பார்ப்பதா, சிசியைப் பார்ப்பதா?

கேள்வி:

தார் ரோடு, மண் பாதை இரண்டிலும் ஓடும் டூயல் ஸ்போர்ட் பைக் ஒன்று முதல்முறையாக வாங்கப் போகிறேன். உயரம் 165 செ.மீ., எடை 60 கிலோ. கியர் பைக் ஓட்டப் பழகி ஆறு மாதம்தான் ஆகிறது. பெரும்பாலும் தார் ரோடு, லீவு நாளில் மண் பாதை, ஜல்லிப் பாதை. ஹோண்டா சிஆர்எஃப்300எல் மேல் ஒரு கண். ஆனால் சீட் 880 மி.மீ. என்று போட்டிருக்கிறது. யமஹா எக்ஸ்டி250 குட்டையாக இருக்கிறது, பழைய டிசைன் என்கிறார்கள். ஒரேயடியாக சுசுகி டிஆர்-இசட்400எஸ் வாங்கிவிட்டால் பிறகு மாற்ற வேண்டாமே என்றும் தோன்றுகிறது. எதை எடுக்கலாம்? லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் இணைப்புத் துண்டு) போட்டால் கால் எட்டுமா?

பதில் 1:

400ஐ இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எடை காரணம் இல்லை. சிஆர்எஃப் 142 கிலோ, 400எஸ் 144 கிலோ, கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அதன் சீட் 935 மி.மீ. மேட்டில் பாதியில் நின்றுபோய், கால் ஊன்ற இடம் பள்ளமாக இருந்தால் அந்த 55 மி.மீ. வித்தியாசத்தில்தான் வண்டி சாயும். பைக் நேராக இருக்கும்வரை எடையே தெரியாது. கொஞ்சம் சாய்ந்துவிட்டால் ஒற்றைக் காலால் தாங்க முடியாது.

880 என்பதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். அது ஆள் உட்காராதபோது உள்ள உயரம். இந்த வகை பைக்கில் சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம் அதிகம், சிஆர்எஃப்பில் முன்னும் பின்னும் 260 மி.மீ. ஆள் ஏறினால் நன்றாகவே அமுங்கும். ஷோரூமில் ஓட்டும்போது போடும் பூட்ஸோடு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு காலும் தரையில் பட வேண்டியதில்லை. இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தினால் ஒரு பாதத்தின் முன்பாதியாவது அழுத்தமாகப் பதிய வேண்டும், மறுகால் ஃபுட்பெக்கிலேயே (கால் வைக்கும் கம்பியிலேயே) இருக்கலாம். இரண்டு பக்கமும் செய்து பாருங்கள், பலருக்கு வலப்பக்கம் இறங்கவே வராது.

லோயரிங் லிங்க் கடைசி வழி. பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) கோணம் மாறி, வளைவில் ஹேண்டில் சோம்பலாகத் திரும்பும். அதைச் சரிக்கட்ட ஃபோர்க் குழாய்களையும் அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மேலே ஏற்ற வேண்டும். சைடு ஸ்டாண்ட் நீளம் அப்படியே இருப்பதால் பைக் நெட்டுக்குத்தாக நிற்கும், லேசான சரிவிலேயே மறுபக்கம் விழுந்துவிடும். அதையும் வெட்டிக் குறைக்க வேண்டும். கிரவுண்ட் கிளியரன்ஸ் போனதும் போனதுதான். முதலில் சீட் ஃபோமை 20 மி.மீ. செதுக்கிப் பாருங்கள். அல்லது தொழிற்சாலையிலேயே உயரம் குறைத்து வரும் 300எல்எஸ் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பதில் 2:

எக்ஸ்டி250ஐப் பழசு என்று ஒதுக்குவது நியாயமில்லை. சீட் 810, எடை 132 கிலோ, ஏர் கூலிங். ரேடியேட்டரே இல்லாததால் கீழே போட்டால் உடைவதற்கு ஒரு பொருள் குறைவு. கற்கும் காலத்தில் கட்டாயம் கீழே போடுவீர்கள், அதனால் இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். குறை என்றால், பின் சஸ்பென்ஷன் 180 மி.மீ.தான், ஐந்து கியர்தான். நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓட்டுவதானால் ஆறு கியர் சிஆர்எஃப் மேல்.

எதை எடுத்தாலும் முதல் செலவு ஹேண்ட்கார்டும் (கையையும் லீவரையும் காக்கும் மறைப்பு) பாஷ் பிளேட்டும் (எஞ்சின் அடிப்பக்கத்தைக் காக்கும் தகடு). சைலன்ஸர் மாற்றுவதெல்லாம் பிறகு. மண்ணில் மெதுவாகப் போகும்போது முதல் கியரே வேகமாக இருப்பதாகத் தோன்றினால், முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) ஒரு பல் குறையுங்கள். 14 பல் இருந்த இடத்தில் 13 போட்டால் சுமார் 7 சதவீதம் மெதுவாகும், கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஓட்டுவது குறையும். மாற்றியதும் செயின் தொய்வை மறுபடி சரிசெய்யுங்கள். சாதாரண ரோடு பைக் மாதிரி இறுக்கிவிடக் கூடாது. சஸ்பென்ஷன் அமுங்கி, முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் பிவட் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை ஃபிரேமில் அசையும் இடம்), பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாகும். அந்த நிலையிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்தான் அடி வாங்கும்.

பதில் 3:

நண்பரே, முதல் பைக் பழையதாக இருப்பதே நல்லது, கீறல் விழுமோ என்ற பயமில்லாமல் கற்கலாம். பார்க்கப் போகும்போது ஒரு வெள்ளைத் துணி எடுத்துப் போங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் பக்கம் போகும் குழாயின் உள்சுவரைத் துணியால் துடையுங்கள். துணியில் நறநறவென்று மண் ஒட்டினால் தூசி எஞ்சினுக்குள் போயிருக்கிறது, பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

ஸ்போக்குகளை ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ‘டிங்’ என்று ஒலித்தால் சரி, ‘டொக்’ என்றால் தளர்ந்திருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள், நடுவில் வந்ததும் பிடித்து நிறுத்துவது போல இருந்தால் ஸ்டீரிங் பேரிங் போய்விட்டது. ஃபோர்க்கில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் மாற்ற வேண்டும். இவை இரண்டும் சரிசெய்யக்கூடியவைதான், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:

நன்றி. சிஆர்எஃப் எல்எஸ் அல்லது நல்ல எக்ஸ்டி, முதலில் எது கிடைக்கிறதோ அது. மண்ணில் டயர் காற்று எவ்வளவு வைக்கலாம்?

பதில் 1:

உங்கள் எடைக்கு 18 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள், தார் ரோட்டுக்கு வந்ததும் மேனுவலில் உள்ள அளவுக்கு ஏற்றிவிடுங்கள். சிஆர்எஃப்பில் இரண்டு சக்கரமும் டியூப் டயர்தான், எக்ஸ்டியில் முன்சக்கரம் டியூப், பின்சக்கரம் டியூப்லெஸ். டியூப் உள்ள சக்கரத்தில் 15க்குக் கீழே இறக்கினால், கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். காற்று குறைவாக இருக்கும்போது டயர் ரிம்மில் வழுக்கி, டியூபையும் இழுத்துக்கொண்டு சுற்றும். அப்போது வால்வு சாயும். அதனால் வால்வில் இருக்கும் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல், மேலே மூடியை ஒட்டி ஏற்றி வையுங்கள். ரிம்மோடு இறுக்கினால் சாய்வது கண்ணில் படாது, ஒருநாள் வால்வு வேரோடு கிழியும்.