புரோட்டான் சத்ரியா கார் டர்போ: பூஸ்ட் (டர்போ காத்தழுத்தம்) செட் பண்ண உதவி

கேள்வி (சுங்கை சிப்புட்): 4ஜி93 டர்போ இன்ஜின், மேனுவல் பூஸ்ட் கண்ட்ரோலர் (பூஸ்டைக் கையால திருகி மாத்துற வால்வு). முழுக்கத் தளர்த்தியும் 0.6 பாருக்குக் கீழே இறங்கல. இறுக்கினா மீட்டர் எகிறி இன்ஜின் வெட்டுது. என்ன கோளாறு அண்ணே?

பதில் 1: இறங்காதது கோளாறே இல்ல தம்பி. வேஸ்ட்கேட் (டர்போவுக்குப் போற புகையைத் திருப்பி விட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்துற வால்வு) ஸ்பிரிங் அளவுக்குக் கீழே எந்தக் கண்ட்ரோலரும் போகாது. எகிறுறதுக்கு, கண்ட்ரோலருக்கு அழுத்தம் கொண்டுவர்ற ஹோஸைப் பாருங்க. டர்போ கம்ப்ரஸர் வாயிலிருந்து எடுக்கணும், த்ராட்டிலுக்குப் பின்னால கூடாது. நீளமும் குறைவா இருக்கணும். வேஸ்ட்கேட் பக்க ஹோஸ் கழன்றா பூஸ்ட் கட்டுப்பாடில்லாம ஏறும், கிளிப் கட்டாயம்.

பதில் 2: கண்ட்ரோலரை ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் இறுக்குங்க. லாக் நட்டை இறுக்கி, மூணாவது கியர்ல முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்க. செம்பனை லாரி ஓடுற தோட்டத்து ரோட்டுல வேண்டவே வேண்டாம், டைனோ (காரை நின்ன இடத்துலயே ஓட்டிச் சோதிக்கிற மெஷின்) நல்லது. அந்த வெட்டு ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) போடும் பாதுகாப்பு. அதை ஏமாத்தினா பெட்ரோல்-காத்துக் கலவை மெலிஞ்சு, நாக்கிங் (கலவை தாறுமாறா வெடிக்கிறது) வந்து, பிஸ்டன் போயிடும்.

பதில் 3: ரோன் 97 பெட்ரோல் ஊத்திட்டு செட் பண்ணினா, பிறகு 95க்கு இறங்காதீங்க.