புதுப்பிப்பு: ஆடு மேய்ந்த தெருமுனைத் தோட்டம்

போன மாசம் புலம்பியிருந்தேனே, குப்பைமேடா கிடந்த தெருமுனையை எங்க தோட்டக் குழு சுத்தம் பண்ணி நட்ட செம்பருத்தியை ஆடுங்க ஒரே ராத்திரியில மொட்டையடிச்சிடுச்சுன்னு? வேலி போடச் சொன்னீங்க. காசு இல்ல. எதிர்வீட்டு ஆச்சி சொன்னபடி ஓரமா ஆடாதொடைக் குச்சி ஊன்றினோம். பேரே ஆடு தொடாதுன்னுதானே! 20ல் 14 துளிர்த்திருக்கு. ஆடு மோந்து பார்த்துட்டுப் போயிடுது.

பள்ளிக்கூடப் பசங்களுக்கு எலுமிச்சைக் கன்றுதான் பாடம். இலையில பறவை எச்சம்னு ஒரு பொண்ணு துடைக்கப் போனா, அது நகர்ந்துச்சு! எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியோட இளம்புழு அப்படித்தான் வேஷம் போடும், வளர்ந்ததும் பச்சையாயிடும். இப்ப மருந்தடிக்க விடமாட்டேங்கிறாங்க. பாதி இலை போச்சு, போகட்டும்.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சா மட்டும் இன்னும் ஒரு குப்பைப் பை வந்து விழுது. யாருன்னு பிடிபட்டா சொல்றேன்.